மடலேறாத பையன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் காதல் பற்றிப் பிப்ரவரி இதழில் வந்த கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எழுதிய எல்லோரும் அழுதிருக்கிறார்கள். மழை, ரயில் நிலையம், கொடுக்காத கடிதம், பல வருடம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு பார்வை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து வயதில் வருகிற காதலில் பாதிக்கு மேல் கூச்சம்தானே? அந்தக் கூச்சம் எவ்வளவு சிரிப்பானது என்று ஒருவர்கூட எழுதவில்லையே என்பது என் குறை.

நான் மன்னார்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பதால், அந்தத் தெருவில் யாருக்கு யார்மேல் என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ரீஃபில் வாங்க வந்தவன் வாழ்த்து அட்டைகளைப் பார்க்காத மாதிரி பார்த்தால் சங்கதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

சீப்பு வாங்குபவர்களுக்காகத் தூணில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தேன். காலை மணி அடிப்பதற்குள் ஒவ்வொருவனும் அதில் முகம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். பருவைத் தொட்டுப் பார்ப்பான், திட்டுத் திட்டாக நிற்கும் பவுடரைத் தேய்ப்பான், யாராவது வந்துவிட்டால் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் தேதி பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வான். ஒருவன் அக்காவுக்கு என்று சொல்லிப் புருவப் பென்சில் வாங்கினான். மறுநாள் அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. பி.டி. பீரியட் முடிந்து வந்தபோது அது வியர்வையில் கரைந்து கன்னம் வரை போயிருந்தது. அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை, ஏனென்றால் யாரும் அவனைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவனுக்கும் அவனவன் மீசைக் கவலை.

என் மகள் கல்லூரியில் உளவியல் படித்தவள். இதற்கெல்லாம் ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறாள். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-லேயே எழுதியிருக்கிறாராம், இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எந்நேரமும் ஒரு கூட்டம் வேடிக்கை பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், போட்டால் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். 2000-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பனியன் போட்டவர்கள் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். அந்தக் கணக்கை எங்கள் தெருவில் எடுத்திருந்தால் கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் ஒருவன்தான் தேறியிருப்பேன்.

அப்போதெல்லாம் பொங்கல் சீசன் வந்தால் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவோம். பொங்கல் பானை, கரும்பு, நடிகர்கள் என்று எல்லாம் இருக்கும். ரோஜாப் படம் போட்டது தனியாக உள்ளே. அதைக் கேட்பதற்குத் தைரியம் வேண்டும். ஒரு பிளஸ் ஒன் பையன் கூட்டம் கலையும் வரை காத்திருந்து ரோஜா ஒன்று, அதை மறைக்கப் பொங்கல் பானை ஐந்து என்று வாங்கினான். அந்த நாளில் புக் போஸ்ட்டில் போட்டால் தபால் செலவு குறைவாக இருந்தது, உறையை ஒட்டக் கூடாது, மடித்துச் செருகினால் போதும். அப்படியே போட்டுவிட்டான். பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது, ஒட்டாத உறையை முதலில் பிரிப்பது அந்தப் பெண்ணின் அப்பாவாகத்தான் இருக்கும் என்று. தபால்காரர் வரும் வரை பெட்டியடியிலேயே நின்றான். "சார், ஒரே ஒரு கார்டு மட்டும் திருப்பிக் கொடுங்க சார், எங்க தாத்தாவுக்கு அட்ரஸ் மாத்தி எழுதிட்டேன்." சட்டப்படி கொடுக்க முடியாது தம்பி என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பொங்கல் முடியும் வரை பையன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அப்புறம் ஒருநாள் மெதுவாக வந்தான். "அண்ணே, வெக்கத்துல நான் என் பேரையே எழுதல அண்ணே." பிழைத்தோம் என்று சிரித்தான். பேர் இல்லாவிட்டால் அவளுக்கும்தானே தெரியாது என்பது அடுத்த நிமிடம் தோன்றியிருக்க வேண்டும். முகம் தொங்கிப்போய்விட்டது.

பழைய நோட்டுகளை நாங்கள் எடைக்கு வாங்கி, தாள்களைப் பொட்டலம் மடிக்க வைத்திருப்போம். கடைசிப் பக்கங்களில் எல்லாம் ஃபிளேம்ஸ். உங்கள் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் விட்டுப்போனவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேரின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, பொது எழுத்துகளை அடித்து, மிச்சத்தை எண்ணி, அந்த எண்ணிக்கையில் ஃபிளேம்ஸ் என்ற ஆறு எழுத்தையும் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நிற்பது சிநேகமா, காதலா, பாசமா, கல்யாணமா, பகையா, தங்கச்சியா என்று தெரிந்துவிடும். தங்கச்சி வந்தவன் சும்மா விடுவானா? இனிஷியல் சேர்ப்பான், அப்பா பெயரை முழுசாக எழுதுவான், பெயரின் நடுவே ஒரு 'எச்' போடுவான். ஒரே பக்கத்தில் ஒரே பெண்ணின் பெயரை விதவிதமாக எழுதிப் பார்த்துக் கடைசியில் காதலைக் கொண்டுவந்து வட்டம் போட்டிருந்த தாளை நானே பார்த்திருக்கிறேன். அதில்தான் அன்றைக்கு யாருக்கோ குண்டூசி மடித்துக் கொடுத்தேன்.

பிளஸ் டூ முடிகிற சமயத்தில் ஆட்டோகிராஃப் நோட்டு ஓடும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு நிறம். ஒரு பையன் ரோஸ் நிறப் பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். மூன்றாம் நாள் வந்து ஒயிட்னர் கேட்டான். எதற்குடா என்றதும் நோட்டைக் காட்டினான். முத்து முத்தான கையெழுத்தில் "அன்புச் சகோதரனுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்க வேண்டுமாம். அழித்துவிட்டு வெறும் "அன்பு" என்று ஆக்கினான். ரோஸ் தாளில் வெள்ளைத் திட்டு எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. மனசு வரவில்லை.

உங்கள் கட்டுரையாளர் ஒருவர் சங்க காலத்து மடலேறுதலைப் பெருமையாக எழுதியிருந்தார். பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவளை எனக்கே கொடுங்கள் என்று ஊர் சிரிக்கத் தெருவில் வருவானாம் காதலன். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பாடல்களில் படித்தவரை அது பெரும்பாலும் ஏறுவேன் என்ற மிரட்டலாகத்தான் இருக்கிறது. மட்டையின் கருக்கு தொடையைப் பதம் பார்க்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். நம் சினிமாக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டு, பெண் வேண்டாம் என்றாலும் பின்னாலேயே போய் நின்றால் ஒருநாள் சிரித்துவிடுவாள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களைவிட எங்கள் தெருவின் கோழைகள் எவ்வளவோ மேல். எதிரே அவள் வந்தால் சைக்கிள் செயின் கழன்றதாகப் பாவனை செய்து குனிந்துகொள்வார்கள். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை, கையில் கிரீஸ் ஆனதைத் தவிர.

பெண் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். இரண்டு பேராக வருவார்கள், ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி வாங்குவாள், காதல் மூன்றாவதாக ஒருத்திக்கு இருக்கும். யாருக்கும்மா என்றால் "டீச்சருக்கு" என்று கண் இமைக்காமல் பதில் வரும். அவ்வளவு கவனம் தேவைப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. பையன் மாட்டினால் வீட்டில் நாலு அடி. பெண் மாட்டினால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அப்படிப் பாதியில் காணாமல் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அட்டையும் இல்லை, ஆட்டோகிராஃபும் இல்லை. 2014-ல் வாட்ஸாப்பில் நீல டிக் வந்ததிலிருந்து பாடு அதிகம் என்கிறான் பக்கத்துக் கடைப் பையன். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேரவில்லை என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது படித்துவிட்டாள், பதில் போடவில்லை என்பது நிமிஷக் கணக்கோடு தெரிந்துவிடுகிறது. கண்ணாடி மட்டும் அதே தூணில்தான். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், ஆள் வந்தால் காலண்டரைத்தான் படம் எடுத்தோம் என்கிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிப்ரவரி இதழில் இரண்டு பக்கமாவது இந்தக் கூச்சக் கதைகளுக்கு ஒதுக்குங்கள். வாசகர்களே எழுதட்டும். எங்கள் ஊரிலேயே நாலைந்து பேரை எழுதச் சொல்கிறேன். புருவப் பென்சில்காரர் இப்போது என் கடையில் மகளுக்கு நோட்டு வாங்குகிறார், கேட்டால் எழுதுவார். ஆனால் பெயர், ஊர், போட்டோ எதுவும் கேட்காதீர்கள். அப்புறம் ஒருத்தரும் எழுதமாட்டார்கள். என் பெயரையும் போட வேண்டாம், எனக்கு வியாபாரம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்து எதிர்க்கடைக்காரன்,
மன்னார்குடி.