வீட்டு சிமுலேட்டரில் எதைப் பழக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், சிமுலேட்டரில் திரும்பத் திரும்பத் தரையிறக்கிப் பழகியவர் உண்மையான விமானத்தையும் இறக்கிவிடுவார் என்ற தொனியில் கட்டுரை முடிந்திருப்பது, அதைப் படிக்கும் இளைஞர்களைத் தவறான இடத்தில் உழைக்க வைத்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன். பல ஆண்டுகளாக வீட்டில் சிமுலேட்டரில் பறந்து வருபவன், பிறகு பயிற்றுநரின் பக்கத்தில் அமர்ந்து சிறிய விமானத்தில் பாடம் கற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிமுலேட்டர் கற்றுத் தருவது ஏராளம். அதில் பெரும்பகுதி, சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தைய ஐந்தாறு நிமிடங்களில்தான் அடங்கியிருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே பறக்கக் கற்பது கணினிக் காலத்தில் முளைத்த யோசனை அன்று. பியானோவும் ஆர்கனும் செய்யும் தந்தையின் தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, சாயவும் திரும்பவும் வல்ல ஒரு சிறு விமானக் கூண்டை 1929-இல் உருவாக்கினார். அதைக் கேளிக்கைப் பூங்காவுக்கு உரிய பொருளாகவே பலரும் பார்த்தார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் பைகளைச் சுமந்து பறக்கும் பொறுப்பை ஏற்றபோது, மேகத்திலும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி போதாமல் பலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பிறகே லிங்கின் கூண்டுகளை ராணுவம் விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் லட்சக்கணக்கில் அதில் பழகினார்கள். அந்தக் கூண்டு கற்றுக் கொடுத்தது கருவிகளைப் படிக்கும் ஒழுக்கத்தை; ஓடுபாதையில் சக்கரம் பதிக்கும் நேர்த்தியை அதனிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. புரூஸ் ஆர்ட்விக் 1979-இல் ஆப்பிள் கணினிக்கு எழுதி, 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கும் வந்த ஃபிளைட் சிமுலேட்டரும், இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடும் எக்ஸ்-பிளேனும், இலவசமாகவே கிடைக்கும் ஃபிளைட்கியரும் எத்தனையோ மடங்கு முன்னேறியவை. ஆனாலும் வீட்டு மேசையில் அவற்றின் உண்மையான பலம், லிங்கின் கூண்டுக்கு எதுவோ அதுவேதான்.

செஸ்னா 172 என்ற நான்கு பேர் அமரும் சிறிய விமானத்தை எடுத்துக்கொள்வோம். பழகுவோர் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஓடுபாதைக்கு இணையாக, ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், இறங்க வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் பறந்து வரும்போதே தரையிறக்கம் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதையின் முனை பக்கவாட்டில் வரும்போது எஞ்சின் விசையைக் குறைக்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடிப்புத் தகட்டை முதல் படிக்கு இறக்க வேண்டும். வேகம் மாறியதும் கை வலிக்காதபடி, பிடியின் மேல் விழும் அழுத்தத்தைப் போக்கும் ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றிச் சமன் செய்ய வேண்டும். இரண்டு முறை திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்து சேரும்போது, ஃபிளாப் முழுவதும் இறங்கி, வேகம் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) அளவில் நிலைத்திருக்க வேண்டும். வழக்கமான சரிவு மூன்று டிகிரி. அதாவது ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி. 65 நாட் வேகத்தில் வருபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 325 அடி இறங்கினால் அந்தச் சரிவில் இருப்பார். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்க வேண்டிய வீதம் கிடைத்துவிடும் என்ற இந்தக் கணக்கு சிறிய விமானத்துக்கும் பெரிய ஜெட்டுக்கும் ஒன்றுதான். இவற்றில் எதற்கும் உண்மையான காற்று தேவையில்லை. வீட்டில் மேசை முன் அமர்ந்து, ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால், பயிற்றுநரிடம் போகும் நாளில் வரிசைமுறை நாக்கு நுனியில் இருக்கும். எரிபொருளுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுக்கும் விமானத்தில் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்க வேண்டியிராது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் திரை கற்றுத் தரும். இறுதிக் கட்டத்தில் ஓடுபாதையின் மேல் ஓர் இடத்தை, வழக்கமாக அதன் தொடக்கத்தில் எழுதியிருக்கும் ஓடுபாதை எண்ணையோ அதற்குச் சற்று அப்பால் உள்ள வெள்ளைப் பட்டைகளையோ, இலக்காகக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகமும் விமானத்தின் சாய்வும் நிலையாக இருந்து, முன்கண்ணாடியில் அந்த இலக்கும் அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால், விமானம் அந்த இடத்தை நோக்கித்தான் போகிறது. இலக்கு கண்ணாடியில் மெல்லக் கீழே நழுவினால் உயரம் அதிகம், அதைத் தாண்டிப் போய்விடுவோம். மேலே ஏறினால் உயரம் குறைவு, ஓடுபாதைக்கு முன்பே தரை வந்துவிடும். மூக்கைத் தூக்கிச் சரிசெய்ய மனம் துடிக்கும் இடம் இதுதான். தாழ்ந்து போகும்போது மூக்கை மட்டும் தூக்கினால் வேகம் குறையும். மேலும் குறைந்தால் இறக்கை ஏற்றவிசையை இழந்து ஸ்டால் ஆகும். சிறிய விமானத்தில் பெரும்பாலான பயிற்றுநர்கள் சொல்லித் தருவது, வேகத்தை மூக்கால் பிடி, உயரத்தை எஞ்சினால் பிடி என்பதே. ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும் என்பதால் இரண்டு கைகளும் ஒன்றாகவே இயங்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. திரும்பத் திரும்பச் செய்வதற்கோ வீட்டு சிமுலேட்டரைப் போல வசதியான இடமும் இல்லை.

கட்டுரை ஒரு வார்த்தைகூடத் தொடாத விஷயம், இறங்காமல் மீண்டும் மேலேறுவது. விமானிகள் இதைக் கோ-அரவுண்ட் என்பார்கள். வேகம், சரிவு, ஓடுபாதைக்கு நேரான வரிசை ஆகிய மூன்றும் கைக்குள் இல்லாவிட்டால் இறங்கக் கூடாது என்பதைப் பயணிகள் விமானங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. மேகமூட்டத்தில் 1,000 அடியிலும் தெளிந்த வானில் 500 அடியிலும் எல்லாம் நிலைபெற்றிருக்க வேண்டும், இல்லையேல் மேலேறிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. வீட்டில் பழகுவோர் இங்கேதான் கெட்டுப்போகிறார்கள். ஓடுபாதையை நெருங்கி வருவது கோணலாகிவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தி மூன்று மைல் பின்னால் போய்த் தொடங்குகிறார்கள்; அல்லது எப்படியாவது சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டு அதை வெற்றி என்கிறார்கள். உண்மை விமானத்தில் அந்தப் பொத்தான் இல்லை. முழு விசை கொடுத்து, எழும்பித் திரும்ப முனையும் மூக்கைக் கையாலும் காலாலும் அடக்கி, ஃபிளாப்பை ஒரே இழுப்பில் மடக்காமல் படிப்படியாக ஏற்றி, வேகம் சேர்ந்த பின் உயரம் பிடித்து, மறுபடியும் சுற்றி வருவதை வீட்டிலேயே நூற்றுக்கணக்கில் செய்து பார்க்க வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருக்கும் இறக்கத்தைக்கூட வேண்டுமென்றே 200 அடியில் முறித்துக்கொண்டு மேலேறிப் பழகுங்கள் என்று கேட்போரிடமெல்லாம் நான் சொல்லி வருகிறேன்.

அப்படியானால் கடைசிச் சில நொடிகள்? ஓடுபாதைக்கு மேல் பத்து இருபது அடியில், இறங்கும் வேகத்தைத் தணிக்க மூக்கை மெல்ல உயர்த்துவதை ஃபிளேர் என்கிறோம். அந்த உயரத்தைக் கண் அளப்பது நேர்ப் பார்வையால் மட்டும் அன்று. பார்வையை ஓடுபாதையின் மறுமுனைக்கு உயர்த்திவிட்டு, இருபுறமும் தரை அகன்று எழும்பி வருவதை ஓரக்கண்ணால் உணர்ந்தே விமானி கட்டுப்பாட்டுப் பிடியை இழுக்கிறார். மேசைத் திரையில் அந்த ஓரம் கிடையாது. காட்சியின் அகலத்தைச் சற்று மாற்றினாலே அதே உயரம் வேறாகத் தெரிகிறது. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி ஆழத்தை ஓரளவு மீட்டுத் தந்தாலும் ஓரப் பார்வை குறுகியே இருக்கிறது. கையும் அப்படித்தான். உண்மை விமானத்தில் வேகம் குறையக் குறையக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, இன்னும் இன்னும் இழுக்க வேண்டியிருக்கும். ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில்லோ எந்த வேகத்திலும் ஒரே விறைப்போடு நிற்கிறது. இருக்கை கீழே அமிழ்வதை உடம்பு சொல்வதும் வீட்டில் இல்லை. ஆகவே ஃபிளேரை வீட்டில் பழகியதாக எண்ணிக்கொள்வது வீண். அதைப் பயிற்றுநரோடுதான் கற்க வேண்டும்.

வீட்டிலிருந்து வருவோரிடம் பயிற்றுநர்கள் முதலில் கவனிப்பது வேறொன்று. கண் கருவிப் பலகையை விட்டு நகர்வதில்லை. என் பயிற்றுநர் முதல் வகுப்பிலேயே ஒரு துண்டு அட்டையை எடுத்து வேகமானியையும் உயரமானியையும் மறைத்துவிட்டு, தொடுவானத்துக்கும் விமானத்தின் மூக்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து ஓட்டச் சொன்னார்; காற்றின் இரைச்சலைக் கேட்டே வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லச் சொன்னார். வெளியே பார்த்து ஓட்டும் இந்த வழக்கத்தை வீட்டிலும் கொஞ்சம் வளர்க்கலாம்: திரையில் கருவிகளை மறைத்துவிட்டு ஒரு சுற்று பறந்து பார்ப்பது நல்ல பயிற்சி. கால்களின் நிலையும் இதே. மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் மிதி இல்லாமல் பழகியவரின் பாதங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். மூக்கு இடப்புறம் இழுக்கும் புறப்பாட்டிலும், குறுக்குக் காற்றில் விமானத்தை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பும் கணத்திலும் அவை விழித்தாக வேண்டும். கருவிகள் வாங்கச் செலவிட நினைப்பவர் பெரிய திரை வாங்குவதற்கு முன்பே மிதிகளை வாங்குவது நல்லது.

மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டும் பயிற்சியில் வீட்டு சிமுலேட்டர் மிகவும் உதவுகிறது. ஆனால் அதிலும் ஒன்று குறைகிறது. ஒரே சீராக நீண்ட நேரம் வளைந்து பறந்தால் உட்செவியின் திரவம் அந்தச் சுழற்சிக்குப் பழகி, நேராகப் பறப்பதாகவே உடம்பு சத்தியம் செய்யும். கருவி சொல்வதற்கும் உடம்பு சொல்வதற்கும் நடக்கும் அந்தச் சண்டை, அசையாத நாற்காலியில் ஒருநாளும் வராது. பெரிய நிறுவனங்களின் ஆறு திசையிலும் அசையும் சிமுலேட்டர்கள்கூட அதை ஓரளவே காட்டுகின்றன.

2022 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விமானி மயங்கிவிட, பறக்கக் கற்றிராத பயணி ஒருவர் ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவனைப் பத்திரமாக இறக்கியதைக் கட்டுரை சான்றாகக் காட்டுகிறது. அந்தப் பயணியை வழிநடத்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தாமே பறக்கக் கற்பிக்கும் பயிற்றுநர் என்பதையும், அவர் ஒவ்வொரு செயலையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் வாசகர்களுக்கு முழுச் செய்தி கிடைத்திருக்கும். அதேபோல, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கருவிவழிப் பறப்புக்கான தகுதிக்கு, தான் அங்கீகரித்த மேம்பட்ட பயிற்சிக் கருவிகளில் பயிற்றுநர் முன்னிலையில் பெற்ற நேரத்தை 20 மணி வரை ஏற்கிறது. வீட்டு மேசையில் தனியே பறந்த நேரம் இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் பறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இந்தத் தலைப்பில் மீண்டும் எழுதும்போது, விமானம் ஓட்டக் கற்பிக்கும் பயிற்றுநர் ஒருவரின் கருத்தையும், சிமுலேட்டரில் பழகிய பின் அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் ஒருவரின் கருத்தையும் வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் சுற்றுப்பாதை, இலக்குப் புள்ளி, கோ-அரவுண்ட் ஆகிய மூன்றையும் படங்களோடு விளக்கும் ஒரு தொடரைத் தங்கள் இதழ் வெளியிட முன்வந்தால், என்னால் இயன்ற குறிப்புகளை எழுதித் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்