சனிக்கிழமைக்கு முன்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டுப் பதினொரு நாட்கள் ஆகின்றன. அம்மாவிடம் உனக்குத் தேர்வு நெருக்கடி என்று சொல்லி வைத்திருக்கிறேன்; அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். பின்புற வேலியில் கோல் கம்பங்களுக்கு அடையாளமாக நீ ஒட்டிய மஞ்சள் டேப் இரண்டில் ஒன்று மழையில் உரிந்துவிட்டது. அதே இடத்தில், கம்பங்களுக்கு இடையே உள்ள 18 அடி 6 அங்குலத்தை அளந்து, புதிதாக ஒட்டிவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. இடுப்புத் தசையில் வலி இருந்தால் மறைக்காதே.

உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை உதைக்கும் கிக்கரான உன் இடத்துக்குப் போட்டியாக வந்த அந்த முதலாண்டுப் பையன் இதுவரை நான்கு ஆட்டங்களில் இறங்கியிருக்கிறான். முதலில் தொடக்க உதைகளை மட்டும் கொடுத்தார்கள், பிறகு 45 கெஜத்துக்கு மேற்பட்ட ஃபீல்டு கோல்களை, அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் உதைகளை. போன வாரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் ஆட அனுமதிக்கப்பட்ட பருவங்களின் கணக்கில் அந்த ஆண்டு சேராது என்ற விதி 2018இல் வந்தது. உன் முதலாண்டையும் அதுதான் காப்பாற்றியது. ஆகவே இந்தச் சனிக்கிழமை அவனை இறக்கினால், அவனுடைய ஓராண்டைச் செலவழித்தாலும் பரவாயில்லை என்று பயிற்சியாளர் தீர்மானித்துவிட்டார் என்றுதான் பொருள். இந்தக் கணக்கை நீ என்றைக்கோ போட்டு முடித்திருப்பாய்.

பயிற்சியாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அவருடைய இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சியில் நீங்கள் இருவரும் உதைக்கும் ஒவ்வொரு பந்தையும் தூரத்தோடும் கோணத்தோடும் குறித்து வைக்கிறார்கள். அந்தத் தாளில் அவனுடைய கால் உன்னுடையதைவிட வலுவானது. பந்து பின்னால் வந்து, ஹோல்டர் அதைத் தரையில் நிறுத்தி, கால் படுவதற்குள் ஏறத்தாழ 1.3 நொடிதான் இருக்கிறது. அதற்குள் பந்து தாழ்வாக வந்தாலோ ஹோல்டரின் கை தடுமாறினாலோ அடியெடுத்து வைப்பதை அரைக்கணம் தாமதிக்க உனக்குத் தெரியும். இது தாளில் ஏறாது. அதே நேரம், அவனுக்கு இன்னும் மூன்று பருவங்களாவது மீதி இருக்கின்றன, உனக்கு ஒன்றுதான். 2021க்குப் பிறகு, ஓராண்டு வெளியே உட்காராமலேயே யாரும் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம் என்றாகிவிட்டது. அதனால் யாரை ஆடவைப்பது என்ற கேள்விக்குள் யாரை இழக்கத் துணிவது என்ற கேள்வியும் அவருக்கு ஒளிந்திருக்கிறது. அவசரப்படாதே, கண்ணு.

2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் நடந்த கல்லூரிகளின் தேசிய இறுதியாட்டம், உனக்கு நினைவிருக்கும். மறுநாள் பள்ளி இருந்தும் நடுநிசி தாண்டி உன்னை விழித்திருக்க விட்டேன் என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். நம் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி அலபாமாவைவிட 13-0 என்று முன்னால் இருந்தபோது, இரண்டு பருவங்களில் இரண்டே ஆட்டங்களில் தோற்றிருந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் அனுப்பினார். கூடுதல் நேரத்தில் டுவா எறிந்து 41 கெஜம் பறந்த அந்தப் பந்தில் அலபாமா 26-23 என்று வென்றது. நீயோ, ஆட்டம் சமனில் இருந்தபோது கடைசி நொடியில் 36 கெஜ உதையைத் தவறவிட்ட அலபாமா கிக்கரையே பேசிக்கொண்டிருந்தாய். அவர் எதிரணிக்காரர் என்பதை மறந்து, பாவம் அப்பா என்றாய்.

ஹர்ட்ஸ் அந்த ஆண்டு வெளியேறவில்லை. டிசம்பர் 1 அன்று, அட்லாண்டாவின் அதே மைதானத்தில், டுவாவின் கணுக்கால் அடிபட்டதும் அவர் இறங்கி, பின்தங்கியிருந்த அணியை 35-28 என்று வெல்லவைத்தார். பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு பிறகுதான் ஓக்லஹோமாவுக்குப் போனார். அதே பருவத்தில் கிளெம்சனின் குவார்ட்டர்பேக் கெல்லி பிரையன்ட், நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு தன் இடம் முதலாண்டு ட்ரெவர் லாரன்ஸுக்குப் போனதும், உடனே விலகினார். அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸுக்கு அடிபட்டது. விலகியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் மீதி இருந்தது ஓராண்டுதான். இருந்தாலும் பட்டத்தை முடி. கல்லூரி மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் போர்ட்டல் ஜனவரியில் திறக்கும், மூடும். பட்டம் கையில் இருந்தால் எந்த வாசலில் நின்றும் பேசலாம். அவசரப்பட்டு எதற்கும் பெயர் கொடுக்காதே.

இவ்வளவு சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, உனக்கு முன்னால் ஆடிய அந்த மூத்த மாணவனின் இடம் உனக்குக் கிடைத்தது அல்லவா? எப்படிக் கிடைத்தது என்று காரில் வரும்போது என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். பூங்காவில் நீ உதைத்ததை ஆறு வாரங்கள் எண்ணி, அவன் ஆட்டங்களில் தவறவிட்டவற்றையும் பக்கத்தில் எழுதி, அட்டவணையாகப் பயிற்சியாளருக்கு நான் அனுப்பியிருந்தேன். அதனால்தான் மாற்றினாரா என்பதை நான் கேட்கவேயில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தப் பையன் ஓடிவந்தபோது, போகக் கூடாது, போகக் கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. மறுவாரம் அவனுடைய அப்பா வேலியருகே என்னைப் பார்த்து, உங்கள் பையன் நன்றாக ஆடுகிறான் என்று கைகுலுக்கினார். ஏழு வருடங்களாக அந்தக் கை என் கையில் இருக்கிறது.

போன சனிக்கிழமை அந்த முதலாண்டுப் பையன் தவறவிட்டபோது அரங்கில் நான் எழுந்து நின்றுவிட்டேன், சந்தோஷத்தில். அவனுடைய அம்மா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பைனாகுலரை எடுத்தேன். எல்லோரும் அவனைச் சுற்றி விலகி நடக்க, நீ மட்டும் போய், கீழே கிடந்த அவன் ஹெல்மெட்டை எடுத்து, புல்லைத் தட்டிவிட்டுக் கொடுத்து, காதருகே ஏதோ சொன்னாய். பிறகு வலையருகே போய், யாரும் அழைக்காத உதைக்காக உதைத்துப் பழகிக்கொண்டிருந்தாய். அம்மாவும் பார்த்தாள். கார் நிறுத்துமிடம் வரை அவள் பேசவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் வருகிறோம். தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வருகிறாள். வாசலில் வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் வா. அந்தத் தாய்க்கு இரண்டு வரிசை பின்னால்தான் இந்த முறையும் எங்கள் இருக்கை. அவனிடம் அன்று என்ன சொன்னாய் என்று மட்டும், முடிந்தால், எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா