சின்னாச்சியின் கண்களைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் ஊரில் நன்றி நவிலல் என்று அச்சாகி வருவன பெரும்பாலும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி வருபவை. இம்மடலோ, எங்கள் வீட்டில் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கின்ற சின்னாச்சி என்னும் மூவண்ணப் பெட்டைப் பூனைக்காக நானும் அம்மாவும் சேர்ந்து எழுதுவது. அவளுடைய கண்நோய் முற்றாக மாறக்கூடியதன்று. மருந்துக்கு அடங்கும், சில மாதம் பொறுத்து மீண்டும் தலைகாட்டும். தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்த தொடக்க நாட்களில் விசாரிக்கவும் உதவவும் பலர் வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி உரியது. ஆயினும், நோய் திரும்பத் திரும்ப வந்து, கேட்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமே இல்லாதிருந்த நீண்ட மாதங்களிலும் சலிக்காமல் வந்து நின்றவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் மிகப் பெரியது. அதைப் பலரறியச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

2022 ஆம் ஆண்டு யூலை மாதம், நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே ஒரு மதகின் ஓரத்தில் இவளை முதலில் கண்டவர் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ ஓட்டும் அண்ணா. இரண்டு கண்களும் பீளையால் ஒட்டி, மூக்கடைத்து, கத்துவதற்கும் குரல் எழாத நிலையில் இருந்தாள். அடுத்து வந்த கிழமைகளில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்து, ஓட்டோ ஒன்றுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று வரையறுத்தார்கள். அந்த 5 லீற்றரை நம்பித்தான் அண்ணாவின் வீட்டில் உலை வைத்தார்கள். அப்படியிருந்தும், வைத்தியர் வரச்சொன்ன ஒவ்வொரு நாளும் அவர் வாசலில் வந்து நின்றார்; கூலியைக் கையில் திணித்தபோதெல்லாம், பெற்றோல் தாராளமாகக் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அவர் அந்தக் கணக்கை எடுக்கவில்லை. அண்ணா, அந்த நாட்களில் நீங்கள் ஏற்றாமல் விட்ட சவாரிகளை நாங்கள் அறிவோம்.

எங்கள் கால்நடை வைத்தியருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் மாடு கன்றுகளோடும் ஆட்டுப் பட்டிகளோடும் கழித்துவிட்டு, மாலையில் களைத்து வருகின்ற ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தெருப் பூனைக்குட்டியின் கண்ணை அத்தனை பொறுமையோடு பார்த்தார். செம்மஞ்சள் நிறச் சாயமொன்றைக் கண்ணில் இட்டு, நீல ஒளியில் பார்த்தபோது கருவிழியின் மேற்படலத்தில் ஓரிடம் பச்சையாக ஒளிர்ந்தது. படலம் அரிபட்டுப் புண்ணாகியிருக்கும் இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்கும் என்று எங்களுக்கும் காட்டி விளக்கினார். பூனைகளைத் தாக்கும் ஹேர்பிஸ் வைரசே இதற்கு வேர் என்றும், அதன் மேல் பக்ரீரியாத் தொற்றும் சேர்ந்திருக்கிறது என்றும் கூறி, டொக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தொடங்கினார். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கினால் அங்கேயே புண்ணாக்கும் என்பதால், கொடுத்தவுடன் ஊசியில்லாத சிறிஞ்சினால் சிறிது நீர் புகட்டவேண்டும் என்று அவர் சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

எல்லாவற்றிலும் மேலாக, அவர் எங்களுக்குப் பொய்யான நம்பிக்கை எதையும் தரவில்லை என்பதற்காக நன்றி சொல்லவேண்டும். ஒருமுறை தொற்றிய இந்த வைரசு முகத்தின் நரம்பு முடிச்சுக்குள் போய் உயிருள்ளவரை உறங்கிக் கிடக்கும். அச்சம், இடமாற்றம், வேறு நோய், சத்திரசிகிச்சை என்று உடலுக்கோ மனதுக்கோ நெருக்கடி வரும்போது விழித்தெழும். ஆகவே முற்றாக மாற்றிவிடலாம் என்று எண்ணாமல், அடிக்கடி வராமலும் வந்தால் கண்ணைக் கெடுக்காமலும் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலை என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். பலர் பரிந்துரைத்த லைசின் என்னும் சத்துப் பொடியைப் பற்றிக் கேட்டோம். அதனால் பயன் உண்டென்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல மீன் வாங்கிக் கொடுங்கள் என்றார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு முகம் திருப்பினாலோ, கருவிழியில் கபில நிறப் புள்ளி தோன்றினாலோ அன்றைக்கே வாருங்கள் என்று அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சாக இருக்கவில்லை. மின்வெட்டு இரவொன்றில் கைவிளக்கோடு போய்க் கதவைத் தட்டியபோதும் அவர் முகம் கோணவில்லை.

கண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுப்பதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. பகலில் பலமுறை, அதுவும் கிழமைக் கணக்கில், அந்த மருந்து கண்ணுக்குள் போய்ச் சேரவேண்டும். நான் பாடசாலைக்குப் போய்விடுவேன், அம்மாவுக்குக் கை நடுங்கும். இந்த இடத்தில்தான் ஒழுங்கையில் எல்லோரும் மிஸ்ஸி என்று அழைக்கின்ற, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தார். துவாயில் கழுத்துவரை சுற்றி, முதுகு தன் பக்கமாக இருக்கும்படி மடியில் இருத்தி, தாடையைச் சற்று உயர்த்தி, மருந்துப் போத்தலை முகத்துக்கு நேரே காட்டாமல் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, போத்தலின் நுனி கண்ணில் படாமல் ஒரேயொரு துளி விடுகின்ற முறையை எனக்கும் அம்மாவுக்கும் அவர் கையைப் பிடித்துப் பழக்கினார். அதற்கு முன்பு, கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் பீளையை இளக்கித் துடைக்கவேண்டும். மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கவேண்டும். ஒரு கண்ணுக்கு எடுத்த துணி மற்றக் கண்ணுக்கு ஆகாது. இரண்டு சொட்டு மருந்து இருந்தால் ஒன்றை விட்டு 5 நிமிடமாவது கழித்தே மற்றதை விடவேண்டும், களிம்பு இருந்தால் அது கடைசியில். இவற்றைச் சமையலறைச் சுவரில் தன் கையெழுத்திலேயே எழுதி ஒட்டினார். பகல் வேளை மருந்தை இன்றுவரை அவரே வந்து விடுகிறார். மிஸ்ஸி அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் சின்னாச்சி அலுமாரிக்குக் கீழே போவதும், மருந்து முடிந்ததும் அவர் மடியிலேயே படுத்து உறங்குவதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டன.

எங்கள் மருந்துக்கடைத் தம்பியை இங்கே மறக்கமுடியாது. கண் சிவந்தால் நாம் மனிதருக்கு வாங்கிப் போட்டுப் பழகிய சொட்டு மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரெரொய்ட் சேர்ந்திருக்கும். சிவப்பு உடனே குறைவதால் அது நல்ல மருந்துபோலத் தோன்றும். ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடக்கூடும். உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அவ்வாறான ஒரு மருந்தை வாங்கப் போனபோது, பூனைக்கு என்று அறிந்ததும், வைத்தியரின் கடிதம் இல்லாமல் தரமாட்டேன் என்று மறுத்து எங்களுக்கும் தொலைபேசியில் சொன்னவர் அந்தத் தம்பி. விற்பதற்கு எத்தனையோ கடைகள் இருக்கின்றன. விற்காமல் விட்டதற்காக நாங்கள் நன்றி சொல்கிறோம்.

வலக்கண்ணின் கதை சற்று வேறு. குட்டிப் பருவத்தில் பட்ட கடுமையான அழற்சியால், வெண்விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வு கருவிழியின் மேல் படர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணீர் வடியும் துளையும் அடைபட்டதால் அந்தக் கண்ணிலிருந்து எப்போதும் நீர் வழிகிறது. இதை வெட்டி எடுக்கலாமா என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, பேராதனை மிருக வைத்திய பீடத்தில் படிக்கின்ற, எங்கள் ஊர்த் தங்கை ஒருவர் படங்களை வாங்கித் தன் விரிவுரையாளர்களிடம் காட்டி அறிவுரை பெற்றுத் தந்தார். இவ்வாறு ஒட்டிய சவ்வை வெட்டினாலும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் இயல்பு அதிகம், கண்ணை மறைத்து நோவும் தந்தாலன்றி விட்டுவிடுவதே நல்லது என்பது அவர்கள் கருத்து. பேராதனைக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏ9 நெடும்பாதையில் பயந்த பூனையொன்றைப் பேருந்தில் கொண்டுபோகும் அலைச்சலும், அதனாலேயே நோய் கிளம்பும் ஆபத்தும் அந்தத் தங்கையால் எங்களுக்கு இல்லாமற் போயின. பரீட்சைக் காலத்திலும் எங்கள் கேள்விகளுக்கு மறுமொழி எழுதிய அவர், விரைவில் நல்ல வைத்தியராக வெளிவந்து வடக்கிலேயே பணிசெய்யவேண்டும் என்று வேண்டுகிறோம்.

இடக்கண்ணில் புண் மறுபடி மறுபடி வந்தபோது, வைத்தியர் ஃபம்சிக்ளோவிர் என்னும் மாத்திரையை எழுதினார். மனிதருக்கு அக்கிக்குக் கொடுக்கப்படும் மருந்து அது. மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்தக் காலத்தில் நாங்கள் தேடிய கடைகளில் அது கிடைக்கவில்லை. இதே வகையைச் சேர்ந்த வலசிக்ளோவிர் பூனைக்கு உயிராபத்தான நஞ்சு. பெயர் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது என்று எவரும் மாற்றித் தந்தால் வாங்கவேண்டாம் என்று வைத்தியர் பெரிய எழுத்தில் எழுதித் தந்திருந்தார். சென்னையில் இருக்கின்ற எங்கள் சித்தி, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, கொடுத்த பெட்டியின் பெயரை எழுத்தெழுத்தாக எங்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிய பின்பே காசு கொடுத்தார். 2022 டிசெம்பரில் எங்கள் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையே விமானம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின், முன்பின் அறியாத ஒரு பயணி, வைத்தியரின் கடிதத்தோடு அந்தப் பெட்டியைத் தன் கைப்பையில் கொண்டுவந்து, வீடு தேடி வந்து தந்தார். தேநீர்கூடக் குடிக்காமல் போன அந்த ஐயாவின் பெயரைக் கேட்க அம்மாவுக்கு வாய்க்கவில்லை. இதை வாசித்தால், அந்த மாத்திரைகளால்தான் இடக்கண் இன்று தெளிவாக இருக்கிறது என்று அவர் அறியவேண்டும்.

எங்கள் ஒழுங்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். பூனையின் கண்நோய் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்ற பயம் முதலில் சிலருக்கு இருந்தது. அது நியாயமான பயம். இந்த ஹேர்பிஸ் வைரசு பூனை இனத்துக்குரியது, மனிதருக்குத் தொற்றாது, ஆனாலும் பூனையைத் தொட்டபின் கைகழுவுவது நல்லது என்று வைத்தியர் சொன்னதை எடுத்துச் சொன்னவுடன் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தம் வீட்டுப் பூனைகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். தீபாவளிக்கு வெடி கொளுத்தும் பிள்ளைகள் தாங்களாகவே ஒழுங்கையின் மறுகோடிக்குப் போனார்கள். வெடிச் சத்தம் கேட்ட மறுநாட்களில் அவள் கண் சிவப்பதை நாங்கள் கண்டிருந்ததால், இது சிறிய உதவியன்று. வைரவர் கோவில் பரிபாலன சபையினர், உற்சவ நாட்களில் எங்கள் வீட்டு யன்னலுக்கு நேரே இருந்த ஒலிபெருக்கிக் குழாயை, நாங்கள் கேட்க வாயெடுக்கும் முன்பே வேறு பக்கம் திருப்பிக் கட்டினார்கள். ஒரு பூனைக்காக அப்படிச் செய்தவர்களை வைரவர் அறிவார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூக்கடைத்தால் பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் உண்ணாது. அந்த நாட்களில் சூடை மீனை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, இளஞ்சூட்டில் வைத்தால் மட்டும் சின்னாச்சி வாய்வைப்பாள். (வெங்காயம் பூனைக்கு இரத்தத்தைக் கெடுக்கும், நம் வீட்டுச் சொதியைப் பாசத்தோடு ஊற்றிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.) சைக்கிளில் மீன் கொண்டுவரும் அண்ணை, விலை ஏறிய காலத்திலும் ஒரு கைப்பிடிச் சூடையை அவளுக்கென்று தனியாகச் சுற்றி வைத்திருந்தார். சோளகம் வீசிப் புழுதி எழும் மாதங்களில் யன்னலுக்கு வலை அடித்துத் தந்த தச்சர் ஐயாவுக்கும், கருத்தடைச் சிகிச்சை முடிந்த இரவில் எங்களோடு விழித்திருந்த அயல்வீட்டு மாமிக்கும் நன்றி.

சின்னாச்சி இப்போது இடக்கண்ணால் நன்றாகப் பார்க்கிறாள். வலக்கண் வெளிச்சத்தையும் நிழலையும் அறியும். ஓணானைத் துரத்துகிறாள், மதிலில் ஏறுகிறாள். சென்ற வாடைக்காற்றுக் காலத்தில் நோய் மீண்டும் வந்தது. முன்னையிலும் விரைவாக அடங்கியது. அடுத்த முறையும் வரும், உங்கள் கதவை மீண்டும் தட்டுவோம்.

எங்களிடம் மிஞ்சிய பூனைக் கூடை, கழுத்துக் கவசம், சிறிஞ்சுகள் ஆகியவற்றை மிஸ்ஸி அக்காவின் விறாந்தையில் வைத்திருக்கிறோம். ஒழுங்கையிலோ அயலிலோ கண்நோயுற்ற குட்டியொன்றை எடுத்தவர்கள் தயங்காமல் வந்து எடுத்துச் செல்லலாம். மிஞ்சிய மாத்திரைகளை வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டோம். எந்தப் பூனைக்கு எவ்வளவு என்பதை அவரே தீர்மானிப்பார். மருந்து விடப் பழக விரும்புகிறவர்களுக்கு, பாடசாலை விட்டபின் எந்த நாளும் நான் வந்து காட்டித் தருவேன்.

என்றும் நன்றியுடன்,
சின்னாச்சியின் வீட்டார்,
கந்தர்மடம், யாழ்ப்பாணம்.