நடக்கிறார், பேசுகிறார், ஆனாலும் தனியே விட முடியாது

சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகத்தினருக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்து வேலைக்கு மோட்டாரில் போனபோது விழுந்து தலையில் அடிபட்டவர். ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறிவிட்டது, கைகாலும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் "ஆள் தேறிட்டாரே, இன்னும் ஏன் வீட்டிலேயே வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறீர்கள்.

அடிபட்டது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. கோபத்தை அடக்குவதும், தொடங்கிய வேலையை முடிப்பதும், ஆபத்தை முன்கூட்டியே உணர்வதும் அதன் பொறுப்பு. அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். யார் கேட்டாலும் பையில் இருக்கும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப்போய், சின்னச் சத்தத்துக்கும் சீறுவார். தனக்கு ஒரு குறை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிவதில்லை. அந்த அறியாமையும் காயத்தால் வந்ததுதான். திமிர் என்று ஒதுக்காதீர்கள். செய்வினை என்று சொல்லி மந்திரிக்கவும் கூப்பிடாதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும், மலேசியத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் உதவி உண்டு. நிரந்தரமாக முழு ஊனம் அடைந்து, எப்போதும் ஓர் ஆள் துணை தேவைப்படுபவருக்கு மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) கவனிப்புப் படியும் இருக்கிறது. இது தெரியாத குடும்பங்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தரப்படுகிறது. அதில் ஏழு பிரிவுகள் இருந்தும் மூளைக்காயத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. எதில் பதிவது என்று டாக்டரிடம் கேட்கப் போகும் பெண்ணோடு, விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பெரிய உதவி.

பழக்கூடையோடு வந்து பார்த்தவர்களுக்கு நன்றி. இனி வரும்போது நேரத்தைக் கொண்டு வாருங்கள். நான் மார்க்கெட்டுக்கும் கிளினிக்குக்கும் போய்வரும்வரை அவரோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டமாக வேண்டாம், ஒருவர் போதும். டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். கோபப்பட்டால் வாதாடாமல் பேச்சை மாற்றுங்கள். தம்பிகளே, பழைய சிநேகிதத்தில் அவருக்கு பீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள். மூளையில் காயம்பட்டவருக்குக் குடி வலிப்பைக் கொண்டுவரக்கூடும்.

இந்த வட்டாரத்தில் இப்படி வாழும் மனைவி நான் ஒருத்தி மட்டுமல்ல. கணவன்மார்களும் இருக்கிறார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் துணைக்கு வரக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். எந்தெந்த வீட்டுக்கு ஆள் தேவை என்று நான் விசாரித்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து மனைவி ஒருத்தி