வளாக வானொலி: உரிமம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய வளாகச் சமுதாய வானொலியை (சுற்றுவட்டார மக்களுக்கான சிறிய, லாப நோக்கமற்ற வானொலி) கண்டு பல கல்லூரிகள் விண்ணப்பிக்கின்றன. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விருப்பக் கடிதம் (உரிமம் தரும் எண்ணத்தைத் தெரிவிக்கும் முதற்கட்டக் கடிதம்) தந்த பிறகும் அலைவரிசை ஒதுக்கீடு, ஆண்டெனா இட அனுமதி, ஒப்பந்தம் என வேலை நீளும். அதனால் விருப்பக் கடிதத்தை நம்பி டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிடக் கூடாது.

100 வாட் ஒலிபரப்புத் திறன், 30 மீட்டர் ஆண்டெனா உயரம் என்ற வரம்பைவிடப் பெரிய சிக்கல் பணம்தான். 2024-இல் விளம்பர நேர வரம்பு மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆனது. அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு ரூ.52-இலிருந்து 74 ஆனது. அந்த 12 நிமிடமும் அரசு விளம்பரத்தால் நிரம்பினால் மணிக்கு ரூ.5,328 (நிரம்பினால்தானே!). ஆக, ஒலிபரப்புப் பொறியாளரின் சம்பளத்தையாவது கல்லூரி தன் ஆண்டு பட்ஜெட்டில் தனித் தலைப்பில் ஒதுக்கட்டும்.

— ஒரு வாசகர், சென்னை