வெயில் காலத்தில் வெளிக்குழாய்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சொந்த வீட்டில் உனக்கு இது முதல் கோடை. சமையலறைக் குழாய் ஒழுகினால் உடனே கண்ணில் படும். வெளிப்பக்கக் குழாய் ஒழுகினால் மண் குடித்துவிடும், தொட்டி காலியாகும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் வெளிக்குழாய்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கசிவு இருக்கிறதா என்று பார். இரவு எல்லாரும் படுத்த பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள். இடையில் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து, ஒரு மணி நேரத்தில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. அடுத்து மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வால்வை மூடு. மீட்டர் நின்றுவிட்டால் கசிவு வால்வைத் தாண்டி இருக்கிறது. நிற்காவிட்டால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில், அல்லது வால்வே சரியாக மூடவில்லை. மாடித் தொட்டிக்கும் இதே வழிதான். தண்ணீர் ஏறுவதை நிறுத்திவிட்டு உள்ளே ஒரு குச்சியை விட்டு அளவு குறி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார். குறைந்திருந்தால், வெளியேறும் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிச் சோதித்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் ஓடும் பிவிசி குழாய்க்கு வெயில்தான் பெரிய எதிரி. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்பரப்பு வெளுக்கும், பொடி பொடியாக உதிரும், பிறகு சின்ன அடி பட்டாலே விரிசல் விடும். லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, தண்ணீரில் கரையும் வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடி. எண்ணெய் பெயின்ட் வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

இன்னொன்று, குழாய் சூட்டில் நீளும். 10 மீட்டர் பிவிசி குழாய் 25 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளும், இரவில் சுருங்கும். குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்கி முடுக்கிவிட்டால் அந்த நீளத்துக்குப் போக இடமில்லாமல், குழாய் திரும்பும் இடத்தில் மாட்டிய எல்போவில்தான் இழுக்கும். பிளம்பர் மாற்றிக் கொடுத்த எல்போ மறுபடி மறுபடி அதே இடத்தில் விட்டுப்போனால் எல்போவைக் குறை சொல்லாதே, கிளாம்ப்பைப் பார். குழாயைத் தாங்க வேண்டும், நகரவும் விட வேண்டும்.

சால்வென்ட் போட்டு ஒட்டும் வேலையை உச்சி வெயிலில் செய்ய விடாதே. சூடான குழாயில் பசை, உள்ளே நுழைக்கும் முன்பே தோல் கட்டிவிடும். நீண்டிருக்கும்போது ஒட்டிய மூட்டு ராத்திரி சுருங்கும்போது இழுபடும். விடிகாலையில் செய். குழாயை நேராக அறுத்து, பிசிறு தட்டி, ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பசை தடவி, உள்ளே தள்ளும்போதே கால் சுற்று திருப்பி, 30 வினாடி அழுத்திப் பிடி. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியாமல் தண்ணீர் திறக்காதே. இந்த ஒன்றில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள்.

தோட்டத்துக் குழாயில் நுனி சொட்டினால் வாஷர். திருகும் தண்டைச் சுற்றிக் கசிந்தால் வாஷர் இல்லை, தண்டைச் சுற்றி இருக்கும் கிளாண்ட் நட். அதை எட்டில் ஒரு பங்கு சுற்று முடுக்கிப் பார், நிற்காவிட்டால் உள்ளே கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்று. வாஷர் மாற்ற, வால்வை மூடி, குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டு, திறந்த நிலையிலேயே தலையைக் கழற்று. பழைய வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே அளவு வாங்கு. உள்ளே வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார். அங்கே பள்ளம் இருந்தால் புது வாஷரும் சில வாரத்தில் சொட்டும், குழாயையே மாற்றுவது மேல். கால் சுற்றில் திறக்கும் குழாயில் இந்த வாஷர் இருக்காது, உள்ளே திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜை மொத்தமாக மாற்ற வேண்டும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர், சின்ன விஷயம் இல்லைம்மா.

பித்தளைக் குழாயைப் பிளாஸ்டிக் மரையில் மாட்டியிருந்தால் கவனமாக இரு. டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி ஸ்பானர் போட்டு முறுக்கினால் எல்போ வெடிக்கும். பித்தளை மரை வைத்த எல்போ வாங்கு. ஹோஸை இழுக்கும் விசை முழுவதும் அந்த மூட்டில்தான் விழும் என்பதால் குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பிடிப்பும் வேண்டும்.

தண்ணீர் ஊற்றி முடித்ததும் ஹோஸ் முனையை மட்டும் மூடிவிட்டு வராதே, குழாயை மூடி ஹோஸில் உள்ள நீரை வடித்துவிடு. அழுத்தத்தோடு வெயிலில் கிடக்கும் ஹோஸ் புடைத்து வெடிக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர் கை சுடும் அளவுக்குக் காயும், செடிக்கும் குழந்தைக்கும் அது ஆகாது, முதலில் வருவதைத் தள்ளிவிட்டுப் பயன்படுத்து. ஹோஸ் முனையை வாளியிலோ பீப்பாயிலோ மூழ்கவிட்டு வைக்காதே. வரத்து அழுத்தம் திடீரென்று குறைந்தால் அந்த அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு நல்ல தண்ணீர்க் குழாய்க்குள் போகும்.

வெளியில் திடீரென்று சாக்கடை நாற்றமோ கரப்பான் பூச்சியோ வந்தால், அதிகம் பயன்படாத டிராப்பில், அதாவது நாற்றம் வராமல் தடுக்க நீர் தேங்கி நிற்கும் கழிவுக் குழாய் வளைவில், தண்ணீர் வற்றிப்போயிருக்கும். வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும். நாற்றத்தோடு கழிவுநீர் மெதுவாக இறங்கி, குளுகுளுவென்று சத்தமும் கேட்டால் மரவேர் நுழைந்திருக்கலாம். கோடையில் வேர் ஈரத்தைத் தேடிப் போகும், மூட்டில் நூல் அளவு இடைவெளி இருந்தால் போதும். களிமண் நிலமாக இருந்தால் காய்ந்து சுருங்கும்போது புதைந்த குழாயின் மூட்டையும் நகர்த்தும். எல்லாப் புல்லும் கருகியிருக்க ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

தொட்டி முழுவதும் வற்றி மறுபடி நிரம்பினால் குழாய்கள் இருமும். காற்று அடைத்திருக்கிறது. கீழ்த்தளக் குழாயை முதலில் மெதுவாகத் திறந்து, சீராக ஓடும் வரை விடு. மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிடாதே, சில நிமிடத்தில் உள்ளே இருக்கும் சீல் கருகிவிடும்.

இந்த வாரமே எல்லா வால்வுகளையும் ஒரு முறை மூடித் திறந்து பார், பல நாள் தொடாத கேட் வால்வு, அதாவது சக்கரம் போலப் பல சுற்று திருகி மூடும் வால்வு, இறுகிப் போயிருக்கும். எது எந்தக் கிளைக்கு என்று பெயின்ட்டில் எழுதி வை. மாடித் தொட்டிக்கு ஏறும்போது ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் இருக்கட்டும். தனியாக ஏறாதே.

அன்புடன்,
அப்பா