சுருண்டுபோன பட்டை

அன்புள்ள செல்விக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தூக்கத்தில் கை மடங்காமல் இருக்க, பொங்கலுக்கு வந்தபோது நீ செய்து கொடுத்த மணிக்கட்டுப் பட்டை கெட்டுப்போய்விட்டது. சித்திரையில் ஒரு மத்தியானம் அதைக் கழற்றி இஸ்திரி போடும் மேசையில் வைத்தேன். பக்கத்திலேயே பெட்டியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் வந்தேன். அதற்குள் கட்டைவிரல் பக்கம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. 60 டிகிரிக்கு மேல் போனால் இந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இளகிவிடும் என்று சொல்லி, வெந்நீரில் போட்டு, நீயே என் கையில் வளைத்துப் பொருத்தினாய். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் "போட்டுக்கிட்டுதான் தூங்குறேன்" என்று பொய் சொன்னேன். ராத்திரி கண் முழித்துச் செய்ததைக் கெடுத்துவிட்டேனே என்ற வருத்தம்.

போன வாரம் நீ சொன்ன வார்த்தைதான் இப்போது எழுத வைக்கிறது. "இந்த மாதிரி கருவி செய்யுற வேலையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டேன்மா. நான் செஞ்சது எதுவும் யாருக்கும் உபயோகப்படலை." அப்படிச் சொல்லாதே. மார்கழியில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகும். எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பேன். பகலில் ஊசி பிடித்தால் நழுவும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் சொன்னார். அது என்ன என்று எனக்குப் புரியவைத்தது நீதான். ஒரு குறுகலான வழியில் ஒன்பது தசைநாணும் ஒரு நரம்பும் போகின்றன, தூக்கத்தில் கை மடங்கினால் அந்த வழி இன்னும் இறுகும், கையை நேராக வைத்தால் நரம்புக்கு இடம் கிடைக்கும் என்றாய். நீ செய்த பட்டையைப் போட்ட பத்தாவது நாள் விடியும்வரை தூங்கினேன். அது உபயோகம் இல்லாமல் வேறு என்ன?

ஆனால் அதில் குறையும் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் உடம்புக்கு அளந்து தைக்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கை மடங்குகிற இடத்தில் நாங்கள் தையலைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டோம். உன் பட்டையின் மேல் ஓரம் உள்ளங்கை ரேகையைத் தாண்டி விரல் பக்கம் வந்துவிட்டது. அதனால் விரலை முழுசாக மூட முடியவில்லை. ரேகைக்கு அரை அங்குலம் கீழேயே நிறுத்து. அப்புறம், நீ காலையில் அளவெடுத்தாய். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து எழுந்தால் சாயங்காலம் என் கை வீங்கியிருக்கும். ராத்திரி போடுகிற பொருளுக்கு அந்த நேரத்து அளவுதான் சரி. இந்தக் கடலோர ஈரக்காற்றில் பிளாஸ்டிக்குக்கு அடியில் வேர்த்துக் கொட்டி அரித்தது. இன்னும் நிறைய ஓட்டை வேண்டும், உள்ளே பருத்தித் துணியும் வேண்டும். வெல்க்ரோவும் என் மாதிரி ஆட்களுக்கு ஆகாது. கடையில் பறக்கிற நூலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு ஒரே வாரத்தில் பிடிப்பு போய்விட்டது. அதற்குப் பதில் கொக்கி வைக்கலாமா என்று யோசி.

சும்மா இருக்க முடியாமல் நானும் ஒன்று தைத்தேன். காடாத் துணி இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு பை, அதற்குள் நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல். வேர்க்கவில்லை, துவைக்கவும் முடிகிறது. ஆனால் ஸ்கேல் நேராக இருப்பதால் உள்ளங்கைக் குழியில் உட்காராமல் அழுத்துகிறது. நீ செய்தது அந்தக் குழிக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. துணியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வளைவு எனக்கு வராது, அதை நீதான் செய்யவேண்டும்.

ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பற்றி நீதானே சொன்னாய். 1968-ல் டாக்டர் சேத்தியும் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்தது என்று. அதற்கு முன் இருந்த கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கானவை. குந்தி உட்காரவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் நம் ஆட்களுக்கு வேறு மாதிரி கால் தேவைப்பட்டது. டாக்டர் ஒரு பக்கம், கைத்தொழில் தெரிந்தவர் ஒரு பக்கம். அன்றிலிருந்து அந்தக் கதை என் மனசிலேயே நிற்கிறது.

ஆயாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டினாயே, அதையும் நான் மறக்கவில்லை. மூன்று ஸ்டிக்கர் ஒட்டினாய். லேப்டாப்பில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து வந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் மெல்லிசாகி, ஆயாவின் துடிப்பு தனித்தனியாகத் தெரிந்தது. சுவரில் ஓடுகிற கரண்ட் நொடிக்கு 50 தடவை மாறுவதை உடம்பும் வாங்கிக்கொள்கிறது, இதயத்திலிருந்து தோலுக்கு வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாய். உடம்பில் ஒட்டியிருக்கும்போது சார்ஜரைச் செருகவே கூடாது, பேட்டரியில்தான் ஓட்டவேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாய். நீ எதைச் செய்தாலும் பயமில்லாமல் கையை நீட்டலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

தானே புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, ஆறு வயசில் டார்ச்சைப் பிரித்து, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்பிரிங்கைச் சுரண்டி எரியவைத்தவள் நீ. மூட்டை கட்டினாலும் உன் கை சும்மா இருக்காது.

வேலைக்குப் படி, அது அவசியம். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது இதற்கு ஒதுக்கு. சுருண்ட பட்டையை நான் தூக்கிப் போடவில்லை. இன்டர்வியூவுக்கு அதையும் கொண்டுபோ. ஏன் சுருண்டது, அடுத்ததை எப்படிச் செய்வாய் என்று உன்னால் சொல்ல முடியும்.

என் கையின் அளவைச் சாயங்காலம் எடுத்து, செய்தித்தாளில் வெட்டி, மெஷின் டிராயரில் கவரில் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வரும்போது சால்டரிங் அயர்னையும் எடுத்து வா, மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைக்கலாம். அதுவரை ஸ்கேல் பட்டை தாங்கும். கவலைப்படாதே.

அன்புடன்,
அம்மா
கடலூர் முதுநகர்